அகதிப் படகுகளும் எல்லைக் காவலும்: மதுரையிலிருந்து பார்த்தால்

மதுரையில் சட்டம் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் படகில் வரும் ஈழத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும்போது நாம் இங்கே கண்டனக் கூட்டம் போடுகிறோம். ஆனால் எந்த நாட்டுக்கும் தன் எல்லையைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டே, இந்தியாவும் அதைத்தானே செய்கிறது, பிறகு அவர்களை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

நான் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடுபவன். இலங்கை அகதி முகாம்காரர்களின் வழக்குகளும் அவ்வப்போது கைக்கு வரும். அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன். எல்லையைக் காக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. வாசலுக்கு வந்தவரிடம் "உனக்கு இடம் உண்டு" என்றோ "இல்லை" என்றோ ஒழுங்காக விசாரித்து, நியாயமான காலத்துக்குள் சொல்கிறார்களா என்பதே என் கேள்வி. இதில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவும் தவறுகிறது, டெல்லியும் தவறுகிறது. இரண்டு தவறுகளுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கிறது. அது மதுரை மாவட்டத்து உச்சப்பட்டி அகதி முகாம் வழியாகப் போகிறது.

முதலில் ஆஸ்திரேலியா. இங்கே பலர் அந்தக் கதையை 2013இல் பிரதமரான டோனி அபாட் காலத்திலிருந்து தொடங்குகிறார்கள். விசா இல்லாமல் வருபவரைக் கட்டாயமாகக் காவலில் வைக்கும் சட்டம் வந்தது 1992இல். கொண்டுவந்தது கீட்டிங்கின் தொழிற்கட்சி அரசு. 2001 ஆகஸ்டில் டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் கடலில் தத்தளித்த 433 பேரைக் காப்பாற்றி ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு நோக்கி வந்தபோது, ஜான் ஹோவர்ட் அரசு சிறப்புப் படையை அனுப்பிக் கப்பலைக் கைப்பற்றியது. வந்தவர்களை நவ்ரு போன்ற தீவுகளுக்கு அனுப்பும் 'பசிபிக் தீர்வு' அப்போது பிறந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஹோவர்ட் ஜெயித்தார். படகைக் காட்டி ஓட்டு வாங்கலாம் என்று அங்குள்ள இரண்டு பெரிய கட்சிகளும் கற்றுக்கொண்டது அந்தத் தேர்தலில்தான். 2008இல் கெவின் ரட் அரசு நவ்ரு முகாமை மூடியது. 2012இல் ஜூலியா கில்லர்ட் திறந்தார். 2013 ஜூலையில் மறுபடி பிரதமராகியிருந்த அதே ரட், படகில் வரும் யாருக்கும் இனி ஆஸ்திரேலியாவில் குடியமர இடமில்லை என்று அறிவித்தார். இரண்டு மாதத்தில் அபாட் ஆட்சிக்கு வந்து, படகுகளைக் கடலிலேயே திருப்பும் வேலையைக் கடற்படையிடம் கொடுத்தார். ஆக, அங்கே நடப்பது இடதுசாரிக்கும் வலதுசாரிக்கும் இடையிலான சண்டை என்று நினைத்துக்கொண்டு பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

அவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. நம் கூட்டங்களில் அதை யாரும் சொல்வதில்லை. 2008க்கும் 2013க்கும் இடையில் அந்தக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தார்கள். 2013இல் மட்டும் சுமார் 20,000 பேர் படகில் வந்தார்கள். திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகு படகுகளும் நின்றன, கடல் சாவுகளும் ஏறக்குறைய நின்றன. கூடவே அந்த நாடு ஆயிரக்கணக்கான அகதிகளை விமானத்தில் முறையாக வரவழைத்துக் குடியமர்த்துகிறது. இப்படி வருடத்துக்கு வரவழைக்கும் எண்ணிக்கை 2023-24 முதல் 20,000 ஆக உயர்த்தப்பட்டது. "கடல் வழியை மூடியதால்தான் மக்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள்" என்று அங்குள்ள அமைச்சர்கள் சொல்வதை வெறும் இனவெறி என்று தள்ளிவிட முடியாது.

சரி, அப்படியானால் எங்கே தவறு? படகு நின்றதற்குக் கொடுத்த விலையில். நவ்ருவிலும் பாப்புவா நியூ கினியின் மானுஸ் தீவிலும் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உண்மையான அகதிகள் என்று விசாரணையில் தெரிந்த பிறகும் உட்கார வைத்தார்கள். மானுஸ் காவல் சட்டவிரோதம் என்று 2016இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே முடிவில்லாமல் காவலில் வைப்பது செல்லாது என்று அங்குள்ள உயர் நீதிமன்றம், அதாவது அவர்களின் உச்ச நீதிமன்றம், தீர்ப்பளிக்க 2023 நவம்பர் ஆனது. இன்னொரு பக்கம், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கென்றே 2012இல் ஒரு அவசர விசாரணை முறை கொண்டுவந்தார்கள். ஒரு சிறு நேர்காணல், அதில் 'தகுதியில்லை' என்று ஆனால் அடுத்த விமானம் கொழும்புக்கு. ஒருவருக்கு நிமிடக்கணக்கில் முடிவு, இன்னொருவருக்குப் பத்து வருடமாகியும் முடிவு இல்லை. இரண்டுமே விசாரணை ஆகாது.

2014இல் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். ஒரு படகில் 41 பேர். அவர்களைக் கடலிலேயே நிறுத்தி, வீடியோ இணைப்பில் நாலு கேள்வி கேட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். அனைவரும் தமிழர் என்று இங்கே போஸ்டர் அடித்தது தவறு. ஆனால் எந்த அரசிடமிருந்து தப்பித்து வந்ததாகச் சொல்கிறார்களோ அந்த அரசின் கடற்படையிடமே நடுக்கடலில் கொடுப்பது யாராக இருந்தாலும் ஏற்க முடியாத காரியம். பிறகு அவர்களை, சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போன குற்றத்துக்காக இலங்கையின் காலி நகர நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

இரண்டாவது படகுதான் நம் கதை. 157 பேர், அதில் சுமார் 50 குழந்தைகள். அந்தப் படகு இலங்கையிலிருந்து கிளம்பவில்லை, 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் பல வருடம் அகதிகளாக வாழ்ந்த ஈழத் தமிழர்கள். கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகில் அவர்களைப் பிடித்து, கப்பலில் ஏறக்குறைய ஒரு மாதம் ஜன்னல் இல்லாத அறைகளில் வைத்திருந்தார்கள். இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். இந்தியத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க அவர்கள் மறுத்தார்கள். கடைசியில் நவ்ருவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கடற்காவல் சட்டப்படி சரிதான் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சட்டம் படிப்பவர் என்பதால் சொல்கிறேன், அந்த மூன்று நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காத விஷயம் அதில் இருக்கிறது.

நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் வருகிறது. தமிழ்நாட்டில் குண்டு விழவில்லை. ராணுவம் வந்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை. மாதாமாதம் பணக்கொடையும் ரேஷன் அரிசியும் கிடைக்கிறது. பேசுவது தமிழ். பிறகு ஏன் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படகில் ஏறினார்கள்?

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி என்று முகாம்கள் இருக்கின்றன. திருமங்கலம் பஸ்ஸில் போகும்போது உச்சப்பட்டியைப் பலர் கடந்திருப்பீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது சொன்ன கணக்குப்படி, மாநிலத்தில் 108 முகாம்களில் ஏறக்குறைய 58,800 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே போலீஸ் ஸ்டேஷனில் பதிந்து வாழ்பவர்கள் 34,000 பேர். புது வீடுகள் கட்டுகிறார்கள், உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் ஆக்கினார்கள், 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரையும் மாற்றினார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்லக் கூடாது. 

ஆனால் அங்கே பிறந்து, நம் பள்ளியில் படித்து, டிகிரி வாங்கிய ஒரு பையனின் நிலை என்ன? அரசு வேலைக்கு மனுப் போட முடியாது, பாஸ்போர்ட் கிடையாது, சொத்துப் பதிவு என்றால் அலைச்சல். ஆகவே ஆண்கள் பாதிப் பேர் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள். மதுரையில் புது வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். வெளியூருக்கு வேலைக்குப் போனாலும் 'செக்கிங்' நாளில், அதாவது அதிகாரிகள் வருகை எடுக்கும் நாளில், முகாமில் ஆள் இருக்க வேண்டும். 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில், ஆஸ்பத்திரியில் இருந்த மகனுக்கு வருகை போட மறுத்துவிட்டார்கள் என்று எழுந்த தகராறில் ஒரு தந்தை தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். எல்லைக் காவல் என்று நீங்கள் சொல்வது ராமேஸ்வரத்துக் கடலோடு முடிவதில்லை. அது திருமங்கலம் பக்கம் ஒரு வருகைப் பதிவேட்டிலும் இருக்கிறது.

ஆஸ்திரேலியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதம், "வரிசையில் நின்று வா" என்பது. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் உச்சப்பட்டியில் இருப்பவர் போய் நிற்க ஒரு வரிசையே இல்லை. டெல்லியில் ஆப்கானியரையும் மியான்மர்க்காரரையும் ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிந்து விசாரிக்கிறது. தமிழ்நாட்டு ஈழத் தமிழர்களைப் பதிவது நம் அரசு. அந்த ஆணையத்தின் சென்னை அலுவலகம் பெரும்பாலும் ஊர் திரும்ப விரும்புபவருக்கே உதவுகிறது. மூன்றாம் நாட்டில் முறையாகக் குடியமரும் வழி இவர்களுக்கு அநேகமாக அடைபட்டுக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் ஏஜென்ட் நுழைகிறான். லட்சக்கணக்கில் பணம், மனைவியின் நகை, வட்டிக்கடன். 2021 ஜூனில் மதுரை அருகே தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் போலீசார் கனடா போகக் காத்திருந்த இலங்கைக்காரர்களை இருபதுக்கும் அதிகமாகப் பிடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், கனடாவுக்குக் கிளம்பிய ஒரு மீன்பிடிப் படகு பழுதாகி, 89 தமிழர்களோடு, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமிருந்த டியகோ கார்சியா ராணுவத் தீவில் ஒதுங்கியது. அங்கே கூடாரத்தில் மூன்று வருடம். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களிலும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து போனவர்கள் இருந்தார்கள்.

அதனால்தான் தொடர்பு இருக்கிறது என்றேன். கான்பராவின் கடற்படை தடுக்கும் படகைக் கடலுக்குத் தள்ளியதில் டெல்லியின் மௌனத்துக்கும் பங்குண்டு.

இப்போது 'இந்தியாவும் அதைத்தானே செய்கிறது' என்ற பகுதி. முழுக்க அப்படி இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா கையெழுத்திட்டிருக்கிறது, இந்தியா இன்றுவரை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு படகைத் திருப்புகிறது, போடாத நாடு 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரையேற விட்டிருக்கிறது. இந்த விஷயத்தில் நாம் தலை நிமிர்ந்து பேசலாம். ஆனால் உள்ளே விட்ட பிறகு அவர்கள் யார் என்று சட்டத்தில் எழுதவே இல்லை. நம்மிடம் அகதிச் சட்டம் என்று ஒன்று கிடையாது. வெகுகாலம் இருந்தது 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம். அதன் கண்ணில் சுற்றுலா விசா முடிந்த ஐரோப்பியரும் முல்லைத்தீவிலிருந்து உயிர் தப்பி வந்தவரும் ஒன்றுதான். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறை அப்படியே இருக்கிறது. 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு, உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரம் இல்லை என்று சொன்னது நினைவிருக்கும். 1996இல் சக்மா வழக்கில் அதே நீதிமன்றம், குடிமகன் அல்லாதவருக்கும் அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கட்சிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் மதுரைக்காரன் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1983இல் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தவுடன் பழ. நெடுமாறன் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் நோக்கித் தொண்டர்களோடு நடந்து, படகேறி இலங்கை போகப் புறப்பட்டார். 1986 மே மாதம் இதே ஊரில் தமிழீழ ஆதரவாளர் அமைப்பான டெசோவின் மாநாடு. கலைஞர் கூப்பிட்டு வாஜ்பாய் வந்தார், என்.டி.ராமராவ் வந்தார். ஈழத் தமிழர் பிரச்சினையில் அன்றைக்குப் பல கட்சிகளுக்கும் ஒரே மேடை. 2019 டிசம்பரில் வாஜ்பாயின் கட்சி கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும் இருந்தன, இலங்கை இல்லை. மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியபோது அதிமுக ஆதரித்து வாக்களித்தது. அதற்காகத் திமுக இன்றுவரை அவர்களைக் குத்திக்காட்டுகிறது. நியாயம்தான். ஆனால் 2004 முதல் 2013 வரை டெல்லி ஆட்சியில் பங்காளியாக இருந்த திமுகவாலும் இவர்களுக்குக் குடியுரிமை வாங்கித்தர முடியவில்லையே என்று முகாமில் ஒரு பெரியவர் கேட்டால் அதற்கும் பதில் வேண்டும். ஓட்டு இல்லாதவர்களுக்காகப் பேசுவதில் உள்ள வசதி என்னவென்றால், அடுத்த தேர்தலில் அவர்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

அப்போ எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டுவதுதான் சிக்கலே. முகாமில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன் மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் காகிதம் முடிவதற்குள் கலவரம் வந்து, கப்பலில் வர வேண்டியவர்கள் கள்ளத்தோணியில் வந்தார்கள். அதனால் அகதி ஆனார்கள். இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் நம் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இவர்கள் விஷயத்தில் இந்தியா கேட்க வேண்டிய கேள்வி எதுவும் பாக்கியில்லை, கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதுதான் பாக்கி.

அடுத்தது, 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்கள். குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி பெற்றோர் யாராக இருந்தாலும் இவர்கள் பிறப்பால் இந்தியர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுத்தபோது, 2022இல் மதுரைக் கிளை அவருக்கு அதைக் கொடுக்கச் சொன்னது. 1983 ஜூலைக்கும் 1987 ஜூனுக்கும் இடையில் முகாம்களில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இன்னும் அகதி அட்டையோடு அலைகிறார்கள் என்று யாராவது பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கல்லூரிச் சட்ட உதவி மையமே இதைச் செய்யலாம். பெரிய போராட்டம் எதுவும் தேவையில்லை, திருமங்கலம் தாலுகா அலுவலகத்துக்கும் மண்டபத்துக்கும் நடக்கத் தெம்பு வேண்டும்.

அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கும், இங்கேயே முப்பது நாற்பது வருடம் இருந்துவிட்டவர்களுக்கும் பாராளுமன்றம்தான் வழி செய்ய வேண்டும். நீதிமன்றம் அதிகபட்சம் "பரிசீலி" என்று சொல்லும். பரிசீலித்து மறுத்துவிட்டால் மறுபடி ஒரு ரிட் மனு.

ஊருக்குத் திரும்ப விரும்புபவர்களும் இருக்கிறார்கள், இங்குள்ள தலைவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். 1992இல் திருப்பி அனுப்பியபோது சம்மதம் வாங்கிய விதமே சந்தேகத்துக்கு இடமாகி, நெடுமாறனும் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் இன்று சொந்த விருப்பத்தில் போகிறவருக்கும் பாதை சுத்தமாக இல்லை. 2025 மே மாதம் ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே யாழ்ப்பாணம் போய் இறங்கிய ஒரு முதியவரை, அன்றைக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனாய் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். எந்த ஊரில் இருந்தாலும் குற்றவாளி என்றால் மனிதன் எங்கேதான் போவான்? கொழும்போடு டெல்லி பேச வேண்டிய விஷயங்களில் கச்சத்தீவுக்கு அடுத்தபடியாகவாவது இது வர வேண்டும்.

கடைசியாக, 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் கிளம்பி, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். உங்கள் எல்லைக் கேள்வி நிஜமாகவே கடினமாவது இவர்களிடம்தான். பால்மாவு விலைக்கும் மண்ணெண்ணெய் வரிசைக்கும் பயந்து வந்தவர் 1951 ஒப்பந்தத்தின் வரையறைப்படி அகதி ஆவாரா என்றால், பெரும்பாலும் ஆகமாட்டார். மாநில அரசு அவர்களை மண்டபத்தில் தங்க வைத்து சோறு போட்டது. மத்திய அரசு அவர்களை அகதிகளாக ஏற்கவில்லை. என் கருத்து, இவர்களை ஒவ்வொருவராக விசாரித்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் போலீசுக்குப் பயந்து வந்தவரும் இருந்திருப்பார், பசிக்குப் பயந்து வந்தவரும் இருந்திருப்பார். முதலாமவருக்கு அடைக்கலம், மற்றவருக்கு நிலைமை சரியானதும் வழக்கு எதுவும் இல்லாமல் ஊர் திரும்ப ஏற்பாடு. அப்படி விசாரிக்க ஒரு அதிகாரியோ, மேல்முறையீட்டுக்கு ஒரு தீர்ப்பாயமோ இந்தியச் சட்டத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவில் அதிகாரியும் இருக்கிறார், தீர்ப்பாயமும் இருக்கிறது, படகில் வந்தவரை அங்கே போகவிடாமல் தடுக்க ஒரு கடற்படையும் இருக்கிறது. கண்டனக் கூட்டத்தில் பேச உங்களை அழைத்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.